பாலத்தில் அணைந்த திரை

சியென்ஃபுவேகோஸ்
மார்ச் 9

எவெலியோ,

இனி போன் வேண்டாம். நீ அழ ஆரம்பித்தால் எனக்கு வார்த்தை வருவதில்லை. நான் அழ ஆரம்பித்தால் நீ வைத்துவிடுகிறாய். மரிசேலா மறுபடியும் அங்கே சரக்கு எடுக்க வருகிறாள். அவள் பெட்டியில் இந்தக் கடிதத்துக்கும் இடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

நீ அடக்கத்துக்கு வராததைப் பற்றி எழுத இதைத் தொடங்கவில்லை. உன் குடியிருப்புக் காகிதங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். நம் மகளின் கணினியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அது இன்னும் சாப்பாட்டு மேசையில்தான் இருக்கிறது, லியானெட் விட்டுப்போன அதே கோலத்தில். பக்கத்துத் தகட்டை அவள் ஒருநாளும் மூடியதில்லை. "மூடினா அதுக்கு மூச்சு முட்டும்மா" என்பாள். கிராஃபிக்ஸ் கார்டு இருந்த இடம் மட்டும் காலியாக, பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது. கார்டு அவள் முதுகுப்பையில் இருந்தது. மருத்துவமனையில் பையை என்னிடம் கொடுத்தார்கள். உள்ளே என் மஞ்சள் துண்டில் சுற்றி வைத்திருந்தாள். ஒரு கீறல் இல்லை. இருட்டில் ஸ்கூட்டரோடு போய் மோதியதில் பிள்ளைக்கு ஆனது அதற்கு ஆகவில்லை.

ஜனவரியில் நீ அவளிடம் பேசியதை நான் சமையலறையிலிருந்து கேட்டேன். எனக்கும் கேட்கட்டும் என்று அவள்தான் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நல்ல செய்தி சொல்லப் போகிறாள் அல்லவா.

"அப்பா, கார்டு டெஸ்ட் ஓடி முடிச்சிடுச்சு! ஸ்கோர் ஐயாயிரத்து எண்ணூறு!"

 நீ சொன்னாய்: "அது நான் அனுப்புன கார்டு இல்ல. என்னுது ஒன்பதாயிரத்துக்கு மேல எடுத்துச்சு. யாருக்கு வித்த? அந்த யோவாந்திரிப் பயலுக்கா?"

"இல்லப்பா, முழு பலத்துல ஓட்டினா டெஸ்ட்ல ஒரு பாலம் வருமே, அங்க வந்ததும் மொத்தமா அணைஞ்சிடுது. அதான் குறைச்சு வெச்சு..."

"எனக்கே கதை விடுறியா, ஒல்லி?"

அவ்வளவுதான். அதன் பிறகு அவள் கூப்பிட்ட எந்த அழைப்பையும் நீ எடுக்கவில்லை. அப்புறம் பிப்ரவரி வந்துவிட்டது.

நான் வேதியியல் வாத்தியார். ஒரு முடிவை நம்ப வேண்டுமென்றால் இன்னொருவர் இன்னொரு மேசையில் அதே சோதனையைச் செய்து அதே விடையைக் காண வேண்டும் என்று ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்கிறவள். நீ அங்கே எப்படிச் சோதித்தாய் என்று எழுது. நான் இங்கே செய்து பார்க்கிறேன். என் மகள் பொய் சொன்னாளா இல்லையா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். உனக்கும்தான்.

நெரெய்தா


மொந்தெவிதேயோ
மார்ச் 30

நெரெய்தா,

கணினி பழுதுபார்க்கிற கடையின் பின்பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலாளி வாஷிங்டன் சாப்பிடப் போயிருக்கிறார். நான் கடிதம் எழுதி எவ்வளவோ காலமாகிறது. கையெழுத்து புரியாவிட்டால் மன்னித்துக்கொள்.

கேட்டதைச் சொல்கிறேன். கார்டை அதன் பள்ளத்தில் வைத்து, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்து. மேலே இரண்டு மின் கேபிள் உண்டு, இரண்டையும் சொருகு. கணினியில் வேறு எதுவும் ஓடக்கூடாது. பாட்டுகூட. அப்புறம் சோதனையைத் திற. லியானெட் அதை முகப்பிலேயே வைத்திருப்பாள், பனிமரம் போட்ட படம். எந்தக் குறைப்பும் வேண்டாம், முழு பலத்தில் விடு. முதல் ஓட்டத்தின் எண்ணை நம்பாதே. குளிர்ந்திருக்கும்போது எல்லாக் கார்டும் கொஞ்சம் பெருமையடிக்கும். சூடேறின பிறகு வருவதுதான் நிஜம். சூட்டையும் பார்த்துக்கொண்டிரு. எண்பத்தைந்தைத் தாண்டினால் நிறுத்திவிடு.

அது முடிந்தால் திரும்பத் திரும்ப ஓடவிட்டு ஒரு மத்தியானம் முழுக்க விடு. ஒரு தடவை வேகமாக ஓடுவது பெரிய விஷயமில்லை. விழாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

நான் இவை எல்லாவற்றையும் செய்தேன். உதிரியாக வாங்கி அப்படியே அனுப்ப மனசு வரவில்லை. பெட்டி, போர்டு, பவர் சப்ளை, கார்டு எல்லாவற்றையும் இதே மேசையில் ஒன்றாகப் பூட்டி ஓட்டிப் பார்த்தேன். 9,412. பிறகு பிரித்து, ஒவ்வொன்றாகச் சுற்றி மரிசேலாவிடம் கொடுத்தனுப்பினேன். ஒல்லி அங்கே தன் கையால் பூட்டட்டும் என்று. அந்த வேலையில் நான் குறை வைக்கவில்லை.

பெயரைப் பார்த்தால் போதாதா என்று கேட்பாய். போதாது. சந்தையில் சின்னக் கார்டை வாங்கி, பெரிய கார்டின் சீட்டை ஒட்டி, உள்ளேயும் பெயரை மாற்றி எழுதிவிடுகிறார்கள். கணினியே ஏமாந்து பெரிய பெயரைக் காட்டும். சோதனையை மட்டும் ஏமாற்ற முடியாது. ஐயாயிரத்து எண்ணூறு என்பது சின்னக் கார்டின் எண். என் வேலையே இதுதான், நெரெய்தா. அதனால்தான் அப்படிச் சொன்னேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. அந்தக் கார்டு ஏன் அவள் பையில் இருந்தது? பொழுது சாய்கிற நேரத்தில், துண்டில் சுற்றி, எங்கே எடுத்துப்போனாள்? நாட்டை விட்டுக் கிளம்புமுன் நானும் அப்படித்தான் உன் அப்பாவின் ரேடியோவைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய் விற்றேன். விற்கப் போயிருந்தால் போகட்டும். இப்போது எனக்குக் கோபம் இல்லை. தெரியாமல் இருப்பதுதான் தாங்கவில்லை.

எவெலியோ


சியென்ஃபுவேகோஸ்
ஏப்ரல் 18

எவெலியோ,

உன் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டுக் கடிதத்தை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன். ஒரு வாரம் எடுக்கவில்லை. பிறகு எடுத்தேன், ஏனென்றால் சோதனை முறை அதில்தான் இருந்தது.

கார்டைப் பொருத்த அவள் சிநேகிதன் யோவாந்திரி வந்தான். நீ "பயல்" என்று சொல்கிற அதே யோவாந்திரிதான். வாசலிலேயே நின்றான். உள்ளே வா என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவள் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று முழங்காலிட்டே வேலை செய்தான்.

"டீச்சர், லியானெட் ஒரு நம்பர் சொன்னா அது அந்த நம்பர்தான். என்கிட்ட ஒரு ஸ்க்ரூ வாங்கினாக்கூட திருப்பிக் கொண்டாந்து குடுப்பா."

முழு பலத்தில் விட்டோம். நான் இதற்குமுன் அதை உட்கார்ந்து பார்த்ததில்லை. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே நடந்துகொண்டே ஓரக்கண்ணால் பார்த்ததோடு சரி. ஒரு கை பாதையோர விளக்கை ஏற்றுகிறது. அப்புறம் யாரோ நடப்பதுபோல் பார்வை பனிக்காட்டுக்குள் போகிறது. மரங்களில் பனி விழுவது ஒவ்வொரு துணுக்காகத் தெரிகிறது. மூலையில் சின்ன எண்கள் ஏறி இறங்குகின்றன. பிறகு ஒரு மரப்பாலம். கீழே தண்ணீர், தண்ணீரில் நிலா. பாலத்தில் கால் வைத்ததும் எல்லாம் போய்விட்டது. படம் உறையவில்லை. மெதுவாகவும் ஆகவில்லை. பெட்டியே செத்ததுபோல, விசிறிச் சத்தம்கூட நின்றுவிட்டது. வீட்டில் கரண்ட் இருந்தது. விளக்கு எரிந்தது, ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றினேன், பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிற மாதிரி. சூடு காரணமா? இல்லை, அறுபத்திரண்டுதான். சுவரிலிருந்து வரும் கேபிளை மாற்றினேன். அதே பாலம். நினைவக அட்டையைக் கழற்றி மாட்டினோம். அதே பாலம். நம் வீட்டுக் கரண்ட்தான் பலவீனமோ என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனோம். கரிதாத் வீட்டு வயரிங் நீ போட்டுக்கொடுத்தது அல்லவா. அவள் காப்பி வடிகட்டியோடு வந்து நின்றாள்.

"என்ன, ஒரு டப்பாவைச் சுத்தி உக்காந்து ஜெபமா? என் ஃப்ரிட்ஜுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, உன் புருஷன் கப்பல் ஏறி வந்துதான் சரி பண்ணணும், சொல்லிட்டேன்."

"அவர் வர மாட்டாரு, கரிதாத்."

"தெரியும்டி. அதான் பயமா இருக்கு."

அங்கேயும் அதே பாலம். தன் வீட்டு மெஷினில் போட்டுப் பார்க்கலாம் என்றான் யோவாந்திரி; அந்தக் கார்டை மறுபடி ரோட்டில் அனுப்ப முடியாது என்றுவிட்டேன்.

பிறகு யோவாந்திரி, லியானெட் செய்ததுபோல் கார்டின் பலத்தைக் குறைத்து வைத்தான். இந்தத் தடவை பாலம் வந்ததும் நான் எழுந்து காப்பிக் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டேன். அவன்தான் எண்ணைப் படித்தான்: 5,790.

அவள் சொன்ன எண், அவள் சொன்ன விதத்தில், வேறொருவர் கையில் வந்துவிட்டது. முழு பலத்தில் அணைந்துவிடுகிறது என்று சொன்னாளே, அதுவும் உண்மை. அவள் கதை விடவில்லை. ஏன் அணைகிறது என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. அது தெரியாதவரை இது சின்னக் கார்டுதான் என்று உன்னால் சொல்லிக்கொண்டே இருக்க முடியும்.

அன்று எங்கே போனாள் என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியும். விற்கப் போகவில்லை. அதற்குமேல் இப்போது எழுத மாட்டேன்.

நெரெய்தா


மொந்தெவிதேயோ
மே 6

நெரெய்தா,

மரிசேலா நாளை கிளம்புகிறாள், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்க, பெட்டி மட்டும் செத்தது என்று எழுதியிருக்கிறாய். கரிதாத் வீட்டிலும் அப்படியே. அந்த வரியைப் பலமுறை படித்தேன்.

பெட்டியின் பின்பக்கம் போ. சுவர்க் கேபிள் சொருகுகிற இடத்துக்குப் பக்கத்தில், பவர் சப்ளையில், நகக்கண் அளவுக்கு ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். மலிவான சப்ளைகளில் இன்னும் அது உண்டு. அதைத் தொடாதே. அதில் தெரிகிற எண்ணை மட்டும் எனக்கு எழுது. 115 தெரியலாம், அல்லது 230 தெரியலாம்.

உனக்கு ஏன் என்று சொல்ல வேண்டும். இங்கே சுவரில் வருவது இருநூற்று இருபது. அங்கே நம் சாதாரண பிளக்கில் நூற்றுப் பத்து. ஸ்விட்ச் 230-இல் இருந்துகொண்டு நூற்றுப் பத்தில் சொருகினால், பெட்டி அரைவயிறோடு எழுந்து உட்காரும். எழுதலாம், படம் பார்க்கலாம், எதுவும் தெரியாது. கார்டு முழு பலத்தைக் கேட்கிற இடத்தில் கொடுக்க அதனிடம் இருக்காது. விழுந்துவிடும். பலத்தைக் குறைத்தால் தாங்கும். அவள் செய்தது அதுதான். யாரும் சொல்லிக்கொடுக்காமலே.

நான் இங்கே இந்தப் பெட்டியைப் பூட்டியபோது அந்த ஸ்விட்சை நகர்த்தினேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவில்லை. ஆனால் 115-இல் வைத்து இங்கே சொருகியிருந்தால் அந்த நொடியே வெடித்திருக்கும். வெடிக்கவில்லை.

அந்த ஊரில் எத்தனை வீட்டுக்கு வயரிங் போட்டிருக்கிறேன்! ஒவ்வொரு வீட்டிலும் ஏசிக்கான இருநூற்று இருபது பிளக்கைச் சுற்றிச் சிவப்பு அடித்து, "இதுல வேற எதையும் சொருகாதீங்க, செத்துப்போயிடும்" என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வருவேன். நம் வீட்டுப் பிளக்கின் மேல் ஒல்லி உன் நகப்பூச்சை எடுத்து ஒரு மண்டையோடு வரைந்தாள். நீ திட்டினாய். நான் அழிக்க விடவில்லை.

எண்ணை எழுது.

எவெலியோ


சியென்ஃபுவேகோஸ்
மே 25

எவெலியோ,

230.

இதை எழுதிவிட்டு எழுந்துபோய்த் துணி காயப்போட்டுவிட்டு வந்தேன். இப்போது மீதியை எழுதுகிறேன்.

கேபிளைக் கழற்றி, சற்று நேரம் பொறுத்து, பேனாமுனையால் அதை 115-க்குத் தள்ளினேன். தொடாதே என்று எழுதியிருந்தாய். நான் தொட்டேன். நீ பயந்தது கரண்டுக்கு அல்ல, அதில் தெரியப்போகிற எண்ணுக்குத்தான் என்று எனக்குத் தோன்றியது. இந்த மூன்று மாதத்தில் எத்தனை முறை அந்தப் பெட்டியின் பின்பக்கத் தூசியைத் துடைத்திருக்கிறேன்! அந்த ஸ்விட்சின் மேலேயே துணி போயிருக்கிறது. அது ஏதோ ஒரு சிவப்புப் புள்ளி என்றுதான் நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள். அப்பா பூட்டி ஓட்டிப் பார்த்து அனுப்பிய பொருளில் எதை மாற்ற வேண்டும் என்று நினைப்பாள்?

யோவாந்திரியைக் கூப்பிட்டு முழு பலத்தில் விட்டோம். விளக்கு, பனி, மரங்கள். பாலம் வந்ததும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தெருவில் ஒருவன் வெங்காயம் விற்றுக்கொண்டு போனான்.

"டீச்சர்! தாண்டிடுச்சு! டீச்சர், பாருங்க டீச்சர், தாண்டிடுச்சு!"

நான் பார்க்கவில்லை. சத்தம் ஓய்ந்த பிறகு எண்ணை மட்டும் பார்த்தேன். 9,388. நீ சொன்னபடி சூடேறவிட்டு மறுபடி எடுத்தோம், அதே அளவுதான். திரும்பத் திரும்ப ஓடவிட்டுவிட்டுப் பக்கத்து அறையில் விடைத்தாள் திருத்தினேன். மத்தியானம் முழுக்க ஓடியது. சாயங்காலம் எங்கள் பகுதியின் மின்வெட்டு முறை வந்து கரண்ட் போனபோதுதான் நின்றது. கணினி விழவில்லை.

அது நீ அனுப்பிய கார்டு. எப்போதும் அதுவாகத்தான் இருந்தது.

இனி, நீ கேட்டது. நான் இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். கடைக்குப் போனாள், தோழியைப் பார்க்கப் போனாள் என்று எழுதிவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் அந்த ஸ்விட்சைப் பற்றி நீ கேட்காமலே இருந்திருக்கலாம். எங்களுக்கு ஒருநாளும் தெரிந்திருக்காது. என்ன பதில் வரும் என்று தெரிந்துகொண்டே கேட்டாய். அதனால் உனக்கு நான் பொய் எழுதக் கூடாது.

அன்று எங்கள் பகுதியில் கரண்ட் இல்லை. யோவாந்திரி இருக்கும் புந்தா கோர்தா பக்கம் இருந்தது. வாசலில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அவன் மெஷின்ல இந்தக் கார்டைப் போட்டு முழு பலத்துல ஓட்டி, படம் எடுத்து அப்பாக்கு அனுப்புறேன்மா. நம்பரைப் பார்த்தா போனை எடுத்துடுவாரு."

"நாளைக்குப் போயேன்டி. ரோடெல்லாம் இருட்டா கிடக்கு."

"நாளைக்கு அவங்க பக்கம் கரண்ட் கட்மா. நம்ம பக்கம்தான் வரும். இது நம்ம மெஷின்ல ஓடாதே."

கார்டை வெறுமனே பையில் போட்டாள். அடிபடும் என்று நான்தான் துண்டைக் கொடுத்தேன். பிராதோ சாலையில் திரும்புகிற இடத்தில் நின்ற குதிரைவண்டியில் விளக்கு இல்லை.

உன்னைத் தண்டிக்க எழுதவில்லை. ஸ்விட்சை மறந்தது நீ. துண்டைக் கொடுத்து அனுப்பியது நான். வண்டியில் விளக்கு வைக்காதவன் ஒருவன் இருக்கிறான், அடக்கத்தன்று வேலிக்கு வெளியே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். இதையெல்லாம் ஒரு சமன்பாடாக எழுதிப் பார்த்தேன். சமன் ஆகவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ பேசிக்கொண்டிருந்த நாட்களில் ஒவ்வொரு தடவையும் அவள் உன்னிடம் கேட்பாள்: "பாலத்துக்கு அந்தப் பக்கம் என்னப்பா இருக்கு?" நீ சிரிப்பாய். "தாண்டிப் பாரு, தெரியும்." பலத்தைக் குறைத்து ஓட்டியபோதும் அவள் பார்க்கவில்லை. திரையைத் துணியால் மூடி வைத்துவிட்டு எண்ணை மட்டும் எடுத்தாள். "திருட்டுத்தனமா பாக்கக் கூடாதும்மா. முழு பலத்துல தாண்டும்போதுதான் பாக்கணும்" என்றாள்.

அவள் பார்க்காததை நான் முதலில் பார்ப்பது சரியாகப் படவில்லை. யோவாந்திரியையும் சொல்ல விடவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியவன் நீ. என்னிடம் சொல்.

நெரெய்தா


மொந்தெவிதேயோ
ஜூன் 17

நெரெய்தா,

உன் கடிதம் வந்த பிறகு சில நாள் வேலைக்குப் போகவில்லை. வாஷிங்டன் அறைக்கு வந்து கதவைத் தட்டினார்.  சூப் வைத்துவிட்டுப் போனார்.

நீ கேட்டதற்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. எனக்குத் தெரியாது, நெரெய்தா. அத்தனை தடவை ஓட்டினேன், ஆனால் மூலையில் இருக்கும் எண்களைத்தான் பார்த்தேன். சூடு, வேகம், மறுபடி சூடு. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு இருக்கிறது, ஜன்னலில் வெளிச்சம் இருக்கிறது என்று என் மனசில் இருந்தது. அதை நினைத்துக்கொண்டுதான் "தாண்டிப் பாரு" என்று அவளிடம் பெரிய ஆள் மாதிரி சொன்னேன்.

நேற்று கடைக்குப் போய் அந்தச் சோதனையைப் போட்டேன். வாஷிங்டன் எட்டிப் பார்த்தார்.

"யாரோட மெஷின்யா அது? என்ன கோளாறு?"

"கோளாறு இல்ல. சும்மா பாக்குறேன்."

"சும்மாவா?" என்றார். பிறகு கடை மூடியிருக்கிறது என்று வாசல் பலகையைத் திருப்பி வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

எண்களைக் காகிதத்தால் மறைத்துவிட்டுப் பார்த்தேன். வீடு இல்லை. பாலம் முடிந்ததும் காடும் முடிகிறது. வெட்டவெளி, பனி, வேறு ஒன்றும் இல்லை. பார்வை கொஞ்ச தூரம் போய் நிற்கிறது. நின்று, மெதுவாகத் திரும்புகிறது. வந்த வழி தெரிகிறது. பாலம், தண்ணீர், மரங்கள். அதற்கும் அப்பால், தொடக்கத்தில் அந்தக் கை ஏற்றிய விளக்கு. அது இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது, தூரத்தில், சின்னதாக. அதையே கொஞ்ச நேரம் பார்க்கிறது. பிறகு இருட்டு. பிறகு எண்.

அவ்வளவுதான், ஒல்லி. அந்தப் பக்கம் வேறு ஒன்றும் இல்லை. நீ பார்த்ததுதான் எல்லாம்.